பிசினின் வயது

கஞ்சாவோடு இவ்வளவு காலம் வேலை செய்தீர்களே, ஒரு தடவையாவது இழுத்துப் பார்த்ததில்லையா என்பதுதான் ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. இல்லை. எலிமருந்து சோதிப்பவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

இந்த ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் கேட்பது வேறு. குப்பியில் போட்டிருக்கும் காலாவதித் தேதிக்கு மறுநாள் என்ன நடக்கும் என்கிறீர்கள். ஒன்றும் நடக்காது. முதல் நாள் இருந்த கஞ்சா எண்ணெய்தான் மறுநாளும் இருக்கும். அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் பொறுப்பில்லை என்பதுதான் அந்தத் தேதி. அதாவது, அது எண்ணெயைப் பற்றிய தகவல் என்பதை விட உங்களைப் பற்றிய தகவல்.

நீங்கள் கஞ்சாவை மருந்தாகக் கையாளுகிறீர்கள். எங்கள் காலத்தில் அது குற்றப்பொருள் மட்டுந்தான். எங்களிடம் வந்து தேதி கேட்டவர்கள் மருந்துக் கொம்பனிக்காரர் அல்ல, நீதிபதிகள். இது இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று உங்களிடம் கேட்கிறார்கள். இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று எங்களிடம் கேட்டார்கள். இரண்டும் ஒரே கணக்குத்தானே, முன்னுக்குப் போடுவதைப் பின்னுக்குப் போட்டால் சரி என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் அந்த நினைப்பு போய்விட்டது.

அப்போது நான் வேலை செய்த ஆய்வுகூடம் பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க்கடைகள் வரத் தொடங்கியிருந்த லா சப்பல் பகுதியில், ஒரு முற்றத்தின் பின்பக்கம் இருந்தது. முன்பக்கத்தில் ஒரு புடவைக்கடை. நீதிமன்றங்களுக்கு நிபுணராகப் பதிவு செய்திருந்த ஒரு பெண்மணிதான் ஆய்வுகூடத்தின் சொந்தக்காரி. எல்லோரும் அவரை மதாம் என்றே அழைத்தோம், நானும் இங்கே அப்படியே விடுகிறேன். யாழ்ப்பாணத்தில் எடுத்த வேதியியல் பட்டத்தோடும் புதிதாகக் கிடைத்த அகதி அட்டையோடும் நான் அவர் முன்னால் போய் இருந்தபோது, வேதியியல் பிடிக்குமா என்று கேட்டார். அந்த ஊரில் என்னிடம் பிடிக்குமா என்று கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"எனக்கு வேலை வேண்டும், மதாம்" என்றேன்.

"நல்லது. பிடித்தவர்கள் முடிவு வர முன்னரே சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள்" என்றார். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்.

காவல்துறை பிடிக்கும் கஞ்சாப் பிசின் முத்திரையிட்ட பொதிகளில் எங்களிடம் வரும். வழக்கு இழுபட்டு, வருடங்கள் கழித்து இரண்டாவது சோதனை கேட்பார்கள். அப்போது முதல் சோதனையில் இருந்த வீரியம் இருக்காது. உடனே வழக்கறிஞர்கள் பொலிஸ் எடுத்துவிட்டது, ஆய்வுகூடம் மாற்றிவிட்டது என்று எழும்புவார்கள். யாரும் எடுக்கவில்லை. காற்றும் வெளிச்சமும் சூடும் எடுத்துவிட்டன. போதை தரும் டி.எச்.சி. குறைந்து, அது சிதைந்து உண்டாகும் சி.பி.என். கூடியிருக்கும். இதைக் காட்டுவதற்காக மதாம் உரிய அனுமதி எடுத்து, முடிந்துபோன வழக்குகளின் பிசினைத் துண்டுகளாக்கி வெவ்வேறு இடங்களில் வைத்திருந்தார். ஒன்று குளிர் அலுமாரியில் தகர டப்பாவுக்குள். ஒன்று யன்னலோரம் கண்ணாடிக் குவளைக்குள். ஒன்று வீட்டுச் சூடாக்கிக் குழாயின் வெப்பத்தில் வைத்த சூட்டு அடுப்புக்குள். அவற்றைக் கவனிப்பதுதான் என் வேலை. அந்தத் துண்டுகள் கிழவராவதை இருந்து பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள். வீட்டுக்கு எழுதும்போது மருந்துக் கொம்பனியில் வேலை என்று எழுதினேன்.

அந்த மணம் கோட்டில் ஏறிவிடும். நான் குடியிருந்த புறநகரான கார்ஜுக்குப் போகும் ரயிலுக்காக ஒரு மாலை கார் து நோர் நிலையத்தில் நின்றபோது ஒரு பொலிஸ் நாய் என் முன்னால் வந்து அமைதியாக உட்கார்ந்தது. அட்டையைக் காட்டி, மதாமுக்குத் தொலைபேசி எடுக்க வைத்து, ஒருபடியாக வீடு போய்ச் சேர்ந்தேன். மறுநாள் மதாம் சிரிக்கவில்லை. "நாய் சரியாகத்தான் சொன்னது. இருக்கிறது என்றது. எப்போதிருந்து என்று அது சொல்லவில்லை, கவனித்தீர்களா? நல்ல நிபுணர்" என்றார்.

இனி அந்த வழக்கு.

எங்கள் ஆய்வுகூடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடியில் ஒரு சிறிய அறை. மன்னாரிலிருந்து வந்த இரண்டு சகோதரர்கள் அதில் இருந்தார்கள். மூத்தவர் அல்போன்ஸ், ஒரு கிடங்கில் பகல் வேலை. இளையவன் ஜெறோம், உணவகம் ஒன்றில் இரவில் கோப்பை கழுவுபவன். வசந்தத்தில் இருவரும் ஒன்றாகக் குடிவந்தார்கள். அதற்கு முன் குளிர்காலம் முழுக்க அங்கே இருந்தவன் விலாசம் சொல்லாமல் போய்விட்டான். இலையுதிர்காலத் தொடக்கத்தில், கழுவும் தொட்டியின் ஒழுக்கைத் திருத்த வந்த குழாய்வேலைக்காரர் சூடாக்கிக் குழாயை மூடியிருந்த பலகையைக் கழற்றினார். பின்னால் ஒரு பொதி. இறுக்கமாகச் சுற்றிய பிசின் கட்டிகள். அளவிலும் வடிவிலும் சவர்க்காரக் கட்டி மாதிரி இருப்பதால் பிரெஞ்சுக்காரர் அதைச் சவர்க்காரம் என்றே சொல்வார்கள். அந்த நேரம் அறையில் தூங்கிக்கொண்டிருந்தவன் ஜெறோம். பொலிஸ் வந்து அவனைக் கொண்டுபோனது.

முதல் நிபுணர் பொருள் நல்ல வீரியத்தோடு இருப்பதால் புதியது என்று எழுதிவிட்டார். புதியது என்றால் சகோதரர்கள் குடிவந்த பிறகு வைத்தது. பழையது என்றால் முன்பு இருந்தவன் விட்டுப்போனது. வழக்கறிஞர் மறு சோதனை கேட்டார். பொதி எங்களிடம் வந்தது. ஒரு மனிதன் உள்ளே இருப்பதா வெளியே வருவதா, இந்த நாட்டில் இருப்பதா திருப்பி அனுப்பப்படுவதா என்பதெல்லாம் ஒரு சவர்க்காரக் கட்டியின் வயதில் வந்து நின்றது.

அந்த வாரச் சனிக்கிழமை மரக்கறி வாங்கிக்கொண்டு தமிழ்க்கடையை விட்டு வெளியே வந்தேன். வாழைக்காய்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒருவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, நீங்கள்தானே அந்த லபோவிலை வேலை செய்யிறது?"

"ஓம். ஏன் அண்ணை?"

"நான் அல்போன்ஸ். உள்ளை இருக்கிறது என்ர தம்பி. சாமான் உங்களிட்டைத்தான் வந்திருக்கெண்டு அவொக்கா சொன்னவர்." அவொக்கா என்றது வழக்கறிஞரை. அல்போன்ஸ் குரலைத் தாழ்த்தினார். "பழசு எண்டு ஒரு சொல்லு போட்டு விடுங்கோ. காணும்."

"அதை நான் சொல்ல ஏலாது, அண்ணை. மிசின்தான் சொல்லவேணும்."

"மிசினுக்கு ஆர் சொல்லுறது? நீங்கள்தானே."

நான் பையை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"அவனைத் திருப்பி அனுப்பினால் அங்கை என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை" என்றார். தேவையில்லைதான். அந்தக் காலத்தில் கொழும்பு விமான நிலையத்தில் ஒரு தமிழ்ப் பெடியன் இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அப்படி ஒருவர் வந்து கேட்டால், அவர் கேட்டது நியாயமா அநியாயமா என்று முதலில் யோசிக்காதீர்கள். அந்த யோசனைக்கு முடிவு இல்லை. மேலதிகாரியிடம் போய்ச் சொல்லுங்கள். நான் திங்கட்கிழமை காலை கோட்டைக் கழற்ற முன்னரே மதாமிடம் சொன்னேன். அவர் என் முன்னாலேயே விசாரணை நீதிபதிக்குத் தொலைபேசி எடுத்தார். முடிவு: நான் அந்தப் பொதியைத் தொடக்கூடாது. எங்கள் சொந்தத் துண்டுகளை மட்டும் கவனிக்கலாம். அல்போன்சைப் பொலிஸ் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பியது.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை நான் கடைக்குள் நுழைந்ததும் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். வெண்டிக்காய்க்குக் குனிந்தபோது பின்னால் ஒரு குரல், "காட்டிக் குடுத்தவள்" என்றது. எங்கள் ஆட்களிடையே அந்தச் சொல் அப்போது எவ்வளவு பாரமானது என்று உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள். நான் வெண்டிக்காயை முறித்துப் பார்த்துத்தான் எடுத்தேன். காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

மதாம் பொதியைச் சோதித்தார். வீரியம் அப்படியே இருந்தது. அதை எங்கள் துண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். சூட்டு அடுப்பில் ஒரு குளிர்காலம் கிடந்த துண்டு கறுத்து, தொட்டால் உதிர்ந்தது. வீரியத்தில் பெரும் பகுதி போயிருந்தது. சூடான குழாய்க்குப் பின்னால் முந்தைய குளிர்காலத்தைக் கழித்த பிசின் இப்படி இருக்க முடியாது. ஆகவே இது குளிர்காலத்துக்குப் பிறகு, சகோதரர்கள் இருந்த காலத்தில் வைத்தது. முதல் நிபுணர் ஊகமாக எழுதியதை நாங்கள் ஆதாரத்தோடு எழுதப்போகிறோம்.

"திரும்பச் செய்து பார்க்கலாமா, மதாம்?" என்று கேட்டேன்.

"செய்யலாம். முடிவு உங்களுக்குப் பிடித்திருந்தாலும் இதைக் கேட்டிருப்பீர்களா?"

 திரும்பச் செய்தார். அதே முடிவு.

அறிக்கை தட்டச்சாகி மேசைக்கு வந்தது. நீதிபதி விடுமுறையில் போகப்போகிறார், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று நீதிமன்ற எழுதுவினைஞர் காலையிலிருந்து விடாமல் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார். மதாம் பேனாவைத் திறந்தார். முதல் பக்கத்தை வாசித்தார். பேனாவை மூடினார்.

"சூடான குழாய் என்று எழுதியிருக்கிறேன்" என்றார்.

"ஓம், மதாம். பொலிஸ் அறிக்கையில் சூடாக்கிக் குழாய் என்று இருக்கிறது."

"சூடாக்கிக் குழாய் என்று இருக்கிறது. சூடான குழாய் என்று இல்லை. அவர்கள் போனபோது கட்டடத்தில் சூடாக்கியே போட்டிருக்கவில்லை. இந்தக் குழாயை யார் தொட்டுப் பார்த்தது?"

யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. இவ்வளவு பேரும், முதல் நிபுணரும், பொலிசும், நானும், எங்கள் மனதில் ஒரு குழாயைச் சூடாக்கி வைத்திருந்தோம். எழுதுவினைஞர் மறுபடியும் அழைத்தார். மதாம் அவரிடம், தனக்கு முன்பின் தெரியாத ஒரு குழாயைப் பற்றிக் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். பிறகு நீதிபதியிடம் அனுமதி கேட்டார். கோபத்தோடு கிடைத்தது.

நல்ல குளிர். ஒரு பொலிஸ் அதிகாரி, மதாம், வெப்பமானிப் பெட்டியைச் சுமந்துகொண்டு நான், சாவிக்கொத்தோடு கட்டடத்தைக் கவனித்துக்கொள்ளும் கொன்சியேர்ஜ் அம்மா. "இங்கே நீங்கள் பேசுவது பிரெஞ்சு மட்டும்தான்" என்று படியிலேயே மதாம் எனக்குச் சொல்லிவிட்டார். படிக்கட்டின் சூடாக்கிகள் கொதித்தன. ஏறி முடிய எங்களுக்கு வியர்த்துவிட்டது. கதவைத் திறந்த அல்போன்ஸ் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தார். அறைக்குள் எங்கள் மூச்சு புகையாகத் தெரிந்தது. மூலையில் ஒரு சிறிய மின்சார அடுப்பு தன் காலை மட்டும் சூடாக்கிக்கொண்டிருந்தது.

மதாம் கையுறையைக் கழற்றிப் பலகைக்குப் பின்னால் கையை விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "வெப்பமானி போடுங்கள். ஆனால் என் கைக்குத் தெரிந்துவிட்டது" என்றார்.

"அது எங்கே சூடாகிறது!" என்றார் கொன்சியேர்ஜ். "நான் இந்தக் கட்டடத்துக்கு வந்ததிலிருந்து சூடானதில்லை. சொந்தக்காரரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்."

மதாம் அதோடு விடவில்லை. பொதியைக் கண்டெடுத்த குழாய்வேலைக்காரரை அதிகாரியைக் கொண்டு கூப்பிட வைத்தார். அவர் வந்து கீழ் மாடிக் கூரையைத் தட்டிக் காட்டினார். உச்சி மாடிக்குப் போகும் கிளை அங்கே வெட்டி அடைக்கப்பட்டிருந்தது. அடைத்த இடத்தில் பழைய துரு. இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றார்.

இவ்வளவு நேரமும் அல்போன்ஸ் சுவரோடு நின்றார். குழாயைப் பார்க்கவில்லை. பலகை கழன்ற அந்த ஓட்டையையே பார்த்தார். பயமா, வெட்கமா, தம்பியின் நினைவா? அந்த முகத்தை வைத்து நான் என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். முகத்தை முத்திரையிட்டு யாரும் எங்களுக்கு அனுப்புவதில்லை என்பது நல்ல விடயம்.

குளிர்ந்த குழாய், இருட்டு, இறுகச் சுற்றிய பொதி. எங்கள் குளிர் அலுமாரித் துண்டு இருந்த நிலைதான். அந்தத் துண்டும் வருடக்கணக்கில் வீரியத்தோடேதான் இருந்தது. ஆகவே பிசின் பிடிபடுவதற்கு முந்திய மாதம் வைத்ததாகவும் இருக்கலாம், முந்தைய குளிர்காலத்தில் வைத்ததாகவும் இருக்கலாம். மதாம் பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். காலத்தைச் சொல்ல முடியாது.

நீதிபதி தொலைபேசியில் கத்தியது எனக்கே கேட்டது. தெரியாது என்று சொல்வதற்கு இத்தனை பக்கமா என்றார்.

"எனக்குத் தெரியாது என்பதற்கு ஒரு வரி போதும், ஐயா" என்றார் மதாம். "மற்றப் பக்கங்கள், முதல் நிபுணருக்கும் தெரியாது என்பதற்கு."

பொதியில் ஜெறோமின் கைரேகை இருக்கவில்லை. சாட்சியும் இல்லை. வயது ஒன்றுதான் அவனை உள்ளே வைத்திருந்தது, அதுவும் போய்விட்டது. குளிர்காலம் முடிய முன் விட்டுவிட்டார்கள். முதல் நிபுணர் அதற்குப் பிறகு நீதிமன்றப் படிகளில் மதாமைக் கண்டால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போவார்.

லா சப்பல் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. பழசு என்று எழுதி நான்தான் பெடியனைக் காப்பாற்றினேனாம். நான் அப்படி எழுதவில்லை, எழுதியதே நான் இல்லை என்று சொன்னால், "ஓமோம், வெளியிலை சொல்ல ஏலாதுதானே" என்று கண்ணைச் சிமிட்டினார்கள். ஒருநாள் என் வீட்டு வாசலில் ஒரு மூட்டை அரிசி இருந்தது. மதாமிடம் சொன்னேன். திருப்பிக் கொடுக்கச் சொன்னார். யார் வைத்தது என்று தெரியாத அரிசியை யாருக்குத் திருப்பிக் கொடுப்பது? கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர், தான் வைக்கவில்லை, ஆனால் வைத்தவரைத் தெரியும் என்று வாங்கிக்கொண்டார். காட்டிக் கொடுத்தவள் என்ற பட்டத்தோடு நடந்ததை விட அந்த மூட்டையோடு நடந்தது சிரமமாக இருந்தது.

இதோடு முடித்தால் மதாமைப் பற்றிய கதையாக இருக்கும். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

கோடை தொடங்கியிருந்தது. வேலை முடிந்து கார் து நோருக்கு நடந்துகொண்டிருந்தேன். ஒரு மெலிந்த பெடியன் பின்னால் வந்து, "அக்கா" என்றான். நான் அவனை முன்பு கண்டதில்லை. "நான் ஜெறோம்" என்றான். ஒரு கோப்பி குடிப்போமா என்று கேட்டான். வழக்கு முடிந்துவிட்டது, ஆகவே போனேன்.

நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்து, அது எனக்குரியது அல்ல என்ற பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அவன் சீனிக்கட்டியை உரித்து மேசையில் வைத்தான். கோப்பிக்குள் போடவில்லை.

"அக்கா, எனக்கு மட்டும் சொல்லுங்கோ. அது பழசோ, புதுசோ?"

"தெரியாது, தம்பி."

"அறிக்கையிலை அப்பிடித்தான் எழுதினது. அவொக்கா வாசிச்சுக் காட்டினவர். நான் இப்ப உங்களைக் கேக்கிறன்."

"எனக்கும் தெரியாது."

"நான் வைக்கேல்லை. அது எனக்குத் தெரியும்." நிமிர்ந்து பார்த்தான். "அந்த அறையிலை நாங்கள் ரெண்டு பேர்தான் இருந்தனாங்கள்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீதிபதி ஒரு தடவை கேட்ட கேள்வியை இவன் உள்ளே இருந்த காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். பழசு என்றால் யாரோ ஒருவன் விட்டுப்போனது. புதுசு என்றால், தம்பி பிடிபட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்த ஒரு அண்ணன்.

"அண்ணையைக் கேட்டுப் பாத்தனீங்களோ?"

"கேட்டால் பிறகு எனக்கு அண்ணை இல்லை, அக்கா. அவர் ஓம் எண்டாலும் இல்லை. இல்லையெண்டு சொன்னாலும் இல்லை."

வாழைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் தொப்பியோடு நின்ற மனிதரை நினைத்தேன். பழசு என்று ஒரு சொல் என்று அவர் கேட்டது தம்பிக்காகவா தனக்காகவா? குற்றமில்லாத அண்ணனும் அதையேதான் கேட்டிருப்பார்.

வேலையில் எனக்கு வந்த மிகப் பெரிய நெருக்கடி நீதிமன்றத்தில் வரவில்லை. அந்த மேசையில் வந்தது. நீதிபதி இல்லை, முத்திரை இல்லை, மதாம் இல்லை. பழசு என்று சொல்லிவிட்டால் போதும். யாருக்கும் நட்டமில்லை. அவன் நிம்மதியாகத் தூங்குவான். அந்தச் சொல் என் வாய்வரை வந்தது.

சொல்லவில்லை. நேர்மையினால் அல்ல. நான் பழசு என்று சொல்லியிருந்தால் அவன் என் முகத்தைப் பார்த்து, இரக்கத்தில் சொல்கிறேன் என்று கண்டுபிடித்திருப்பான். இரக்கத்தில் பழசு என்றால் அர்த்தம் புதுசுதான். தெரியாது என்பது மட்டுந்தான் அவனிடம் முழுசாகப் போய்ச் சேரக்கூடியது.

"அந்தக் குழாய் குளிர், தம்பி" என்றேன். "அது மட்டுந்தான் எங்களுக்குத் தெரியும். குளிரான இடத்திலை அது எவ்வளவு காலமும் அப்பிடியே இருக்கும். புதுசு மாதிரி. அதுக்கு மேலை ஒருத்தராலையும் சொல்ல ஏலாது. அண்டைக்கும் ஏலாது, இனியும் ஏலாது."

"இனியும் ஏலாதோ?"

"ஏலாது."

 எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அவன் முகம் கொஞ்சம் இளகியது. ஒருபோதும் பதில் வராத கேள்வியை விட்டுவிட்டுப் போகலாம் என்று அவனுக்குப் பட்டிருக்கலாம். அல்லது களைப்பாக இருக்கலாம். முகங்களைப் பற்றி நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

சீனிக்கட்டியைக் கோப்பிக்குள் போட்டுக் கலக்கி ஒரே மூச்சில் குடித்தான். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழும்பினான்.

"அண்ணை வேலையாலை வாற நேரம், அக்கா. நான் போய்ச் சோறு வைக்கவேணும்."

வெளியே போய், தெருவைக் கடந்து, அந்த அறை இருந்த பக்கமாகவே நடந்தான்.